கிரான்: திரும்பத் திரும்பக் காதில் விழும் சந்தேகங்கள்

சர்வரில் வேலைகளை நேரம் குறித்து ஓட்டும் கிரான் பற்றி என்னிடம் கேட்பவர்கள் மூன்று வகை. சிராங்கூன் சாலைப் பக்கம் கடை வைத்திருப்பவர்கள், பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள், அப்புறம் "லினக்ஸ் தெரிந்த ஆள் வேலையை விட்டுப் போய்விட்டார், இனி நீ பார்த்துக்கொள்" என்று அலுவலகத்தில் மாட்டிவிடப்பட்டவர்கள். ஆட்கள்தான் வேறு வேறு, சந்தேகம் ஒன்றேதான். அதனால் ஒரே இடத்தில் எழுதிவிட்டேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

கட்டளைகளைத் தொலைபேசியில் சொல்வதுபோல உச்சரிப்பில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள். பாத், மெயில்டு, ஷெல் போன்ற மாறிகளின் பெயர்கள் முழுக்கப் பேரெழுத்து. ஏசியா/சிங்கப்பூர், பெர்சிஸ்டென்ட் போன்றவற்றில் ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்து மட்டும் பேரெழுத்து. உபுண்டு, டெபியன் வகை லினக்ஸ் சர்வரை மனத்தில் வைத்தே சொல்கிறேன். ரெட்ஹேட் வகையில் மாறுகிற இடத்தை அங்கங்கே குறிப்பிடுவேன்.

அக்கா, கிரான்னா என்ன? நானே தினமும் ஒரு தடவை ஓட்டிட்டுப் போயிடறேனே?

ஓட்டலாம், நீங்கள் லீவில் போகும்வரை. கிரான் யூனிக்ஸில் 1970களிலிருந்தே இருக்கும் பின்னணி நிரல். நிமிடத்துக்கு ஒருமுறை கண் விழித்து, தன் பட்டியலைப் பார்த்து, இந்த நிமிடத்துக்கு ஏதாவது எழுதியிருந்தால் அதைத் தொடக்கிவிட்டு மறுபடி தூங்கிவிடும். இன்று லினக்ஸ் சர்வர்களில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் பால் விக்ஸி 1987இல் எழுதிய கிரானும் அதிலிருந்து பிரிந்து வந்தவையும்தான்.

தொடக்கிவிடும் என்றேன் பாருங்கள், அவ்வளவுதான் அதன் வேலை. பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கிறவர் மாதிரி. நேரம் வந்தால் அடிப்பார். வகுப்பில் பாடம் நடந்ததா என்று எட்டிப் பார்க்க மாட்டார். கீழே வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் இதை மறந்ததால் வந்தவை.

பட்டியலை எங்க எழுதறது?

`கிரான்டேப் -இ` என்று தட்டினால் உங்கள் பட்டியல் திருத்தியில் திறக்கும். `கிரான்டேப் -எல்` இப்போது என்ன இருக்கிறது என்று காட்டும். `கிரான்டேப் -ஆர்` மொத்தப் பட்டியலையும் அழித்துவிடும், ஒரு வார்த்தை கேட்காமல். விசைப்பலகையில் இந்த இ-யும் ஆர்-உம் பக்கத்துப் பக்கத்து விசைகள். யார் இப்படி வைத்தார்களோ தெரியாது, ஆனால் விரல் தவறி அழித்தவர்களை எனக்குத் தெரியும். அதில் நானும் உண்டு.

அதனால் திருத்தப் போகும் முன் `கிரான்டேப் -எல் > ~/பழையது` என்று ஒரு நகல் எடுத்து வைக்கிற பழக்கம் நல்லது. `-ஐ -ஆர்` என்று சேர்த்துக் கொடுத்தால் அழிக்கும் முன் கேட்கும். கடைசி வரியை எழுதி முடித்ததும் ஒரு எண்டர் தட்டுங்கள். வரி முடிவு இல்லாத கடைசி வரியைக் கிரான் ஏற்காது.

அந்த அஞ்சு நட்சத்திரம் எனக்கு எப்பவும் குழப்பம். எதுக்கு எது?

இடமிருந்து வலமாக, கட்டளைக்கு முன்னால் வரும் ஐந்து கட்டங்கள்: நிமிடம் (0–59), மணி (0–23), மாதத்தின் நாள் (1–31), மாதம் (1–12), வாரத்தின் நாள் (0–7, ஞாயிறுக்கு 0, 7 இரண்டும் செல்லும்). நட்சத்திரம் என்றால் "எதுவானாலும் சரி". `30 6 * * 1-5` என்றால் திங்கள் முதல் வெள்ளி வரை காலை 6:30. `0 */2 * * *` என்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை.

எல்லாரும் செய்யும் ஒரு தவறு: இரவு 2 மணிக்கு ஒருமுறை என்று நினைத்து `* 2 * * *` போடுவது. அது 2:00, 2:01, 2:02 என்று 2:59 வரை அறுபது முறை ஓடும். நிமிடத்தின் இடத்தில் ஓர் எண் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

40 நிமிஷத்துக்கு ஒரு தடவைன்னு */40 போட்டேன். ஒரு நேரம் 40, ஒரு நேரம் 20 நிமிஷ இடைவெளியில ஓடுது. பக்கா?

பக் (நிரல் பிழை) இல்லை. `*/40` என்பதற்கு "0இலிருந்து தொடங்கி 40 40ஆகத் தாண்டு, 59க்குள் நில்" என்றே அர்த்தம். அப்படி 0, 40 என்ற இரண்டு நிமிடங்கள்தான் கிடைக்கும். அடுத்த மணி பிறந்ததும் மறுபடி 0. 60ஐ மீதியில்லாமல் வகுக்கும் எண்களுக்கு (5, 10, 12, 15, 20, 30) மட்டும் இடைவெளி ஒழுங்காக வரும். 40 நிமிடம் கட்டாயம் வேண்டுமென்றால் சிஸ்டம்டி டைமர் என்ற இன்னொரு நேரக் கருவியின் பக்கம் போங்கள். அது பின்னால் வருகிறது.

ராத்திரி 2 மணிக்குப் போட்டா காலையில 10 மணிக்கு ஓடுது அக்கா, எல்லாரும் வேலை பாக்கற நேரத்துல சர்வர் படுத்துடுது!

சர்வர் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருக்கிறது. மேகச் சர்வர்கள் பெரும்பாலும் அப்படித்தான் வரும். சிங்கப்பூர் நேரம் யூடிசியை விட 8 மணி நேரம் முன்னால். அதன் 2 மணி நமக்கு 10 மணி. வெறும் `டேட்` என்று தட்டினாலே சர்வர் எந்த நேரத்தில் வாழ்கிறது என்று தெரிந்துவிடும்.

கணக்குப் போட்டு `0 18 * * *` என்று மாற்றிக்கொள்ளலாம். முதல் நாள் மாலை 6 மணி யூடிசி என்பது நமக்கு இரவு 2 மணி. தினசரி வேலைக்கு இது போதும். வாராந்தர வேலையில்தான் கால் இடறும். நமக்குத் திங்கள் இரவு 2 மணி என்றால் சர்வருக்கு இன்னும் ஞாயிறு, ஆகவே 1 இல்லை, 0 போட வேண்டும். மாதம் 1ஆம் தேதி 2 மணி என்றால் இன்னும் மோசம்: அங்கே போன மாதத்தின் கடைசி நாள், அது 28ஆ 30ஆ 31ஆ என்று ஐந்து கட்டத்தில் எழுத வழியில்லை. அதனால் உங்கள் கையில் இருக்கும் சர்வர் என்றால் `டைம்டேட்சிடிஎல் செட்-டைம்சோன் ஏசியா/சிங்கப்பூர்` என்று நேர மண்டலத்தையே மாற்றிவிட்டு, கிரானையும் ஒருமுறை மறுதொடக்கம் செய்யுங்கள். மறுதொடக்கம் செய்யாவிட்டால் அது பழைய நேரத்தையே பிடித்துக்கொண்டிருக்கும். மாற்றும் முன் அந்தச் சர்வரைப் பகிர்ந்துகொள்பவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். சென்னையிலிருந்து பதிவேடு பார்க்கிறவர் இரண்டரை மணி நேர வித்தியாசத்துக்கு ஏற்கெனவே ஏதாவது கணக்கு வைத்திருப்பார். ரெட்ஹேட் வகையில் பட்டியலின் தலையில் `கிரான்_டிஇசட்` என்ற மாறியைப் போட்டால் போதும். டெபியனின் வழக்கமான கிரானில் அது வேலை செய்யாது.

ஒரு நிம்மதி, நமக்குக் கோடைகால நேர மாற்றம் கிடையாது. சிங்கப்பூர் கடைசியாகக் கடிகாரத்தை நகர்த்தியது 1982 ஜனவரி 1 அன்று. அதுவரை யூடிசிக்கு ஏழரை மணி நேரம் முன்னால் இருந்தோம். மலேசியா மாறியபோது நாமும் அரை மணி நேரம் தள்ளிவைத்தோம். லண்டன் நேரத்தில் ஓடும் சர்வரைப் பராமரிப்பவர்களிடம் மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறுகளைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், புலம்புவார்கள்.

ஏம்மா, கடை மூடவே ராத்திரி 12 ஆயிடுது. அன்னிக்குக் கணக்கை 12 மணிக்கே எடுத்து வெச்சுடலாமா?

வேண்டாம் அண்ணே. 12:00க்குத் தேதி மாறிவிடும். ஸ்கிரிப்ட் (கட்டளைகளை எழுதி வைத்த கோப்பு) "இன்றைய விற்பனை" என்று கேட்டால் தரவுத்தளம் பிறந்து ஒரு நொடிகூட ஆகாத புது நாளைக் கொடுக்கும். அதோடு கடைசி வாடிக்கையாளரின் பில் 12:03க்கு விழுந்தால் அது எந்த நாள் கணக்கு என்ற சண்டை வேறு. இரவு 2:17க்குப் போட்டு, "நேற்று" என்று தேதி கேட்கச் சொல்லுங்கள்.

அது ஏன் 17 என்று கேட்பீர்கள். உலகத்தில் எல்லாரும் முழு மணிக்கே வேலையைப் போடுகிறார்கள். பகிர்ந்துகொள்ளும் சர்வரில் 2:00க்குப் பத்துப் பேருடைய வேலை ஒன்றாக எழுந்து வட்டுக்கு அடித்துக்கொள்ளும். யாரும் போடாத நிமிடம் சும்மாதானே கிடக்கிறது.

கையால ஓட்டினா அழகா ஓடுது. கிரான்ல போட்டா ஒண்ணுமே நடக்கல. ஏன்?

இதைக் கேட்காதவர் இல்லை. நீங்கள் சர்வரில் நுழையும்போது உங்கள் பேஷ்ஆர்சி, புரொஃபைல் என்ற அமைப்புக் கோப்புகள் எல்லாம் படிக்கப்பட்டு, கட்டளைகளைத் தேடும் இடங்களின் பட்டியலான பாத் நீண்டு, வேறு பல மாறிகளும் அமைந்துவிடுகின்றன. கிரான் இதில் எதையும் படிக்காது. டெபியனில் அதன் பாத் வெறும் `/யூஎஸ்ஆர்/பின்:/பின்`. நீங்கள் `/யூஎஸ்ஆர்/லோக்கல்/பின்`இல் நிறுவிய கருவியோ, பைத்தானின் மெய்நிகர் சூழலோ அதற்குத் தெரியாது. கட்டளைகளைப் படித்து ஓட்டும் ஷெல்லும் பேஷ் இல்லை, சாதாரண எஸ்ஹெச். இரட்டை அடைப்புக்குறி போன்ற பேஷ் வசதிகளைப் பட்டியல் வரியிலேயே எழுதினால் அங்கேயே விழும். நிற்கும் இடமும் வேறு: எப்போதும் உங்கள் வீட்டு அடைவிலிருந்துதான் (ஹோம் ஃபோல்டர்) தொடங்கும். ஸ்கிரிப்ட் உள்ளே "./தரவு" என்று எழுதியிருந்தால் அது வேறெங்கோ தேடும்.

ஊகித்துக்கொண்டிருக்க வேண்டாம். `* * * * * என்வ் > /டெம்ப்/சூழல்` என்று ஒரு வரி போட்டு, ஒரு நிமிடம் காத்திருந்து, அந்தக் கோப்பை உங்கள் திரையில் வரும் `என்வ்` உடன் ஒப்பிடுங்கள். எது குறைகிறது என்று அப்பட்டமாகத் தெரியும். (பார்த்தபின் வரியை எடுத்துவிடுங்கள். எடுக்காதவர்களின் வரிகளை இரண்டு வருடம் கழித்துப் பார்த்திருக்கிறேன்.)

சரிசெய்வது சுலபம். எல்லாவற்றுக்கும் முழுப் பாதை எழுதுங்கள், அல்லது பட்டியலின் தலையிலேயே பாத் வரியைப் போடுங்கள். ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் வேலை செய்யும் அடைவுக்கு சிடி போட்டு நுழையுங்கள். கடவுச்சொல் கேட்டு நிற்கும் கட்டளை எதுவும் உள்ளே இருக்கக் கூடாது. பதில் சொல்ல அங்கே ஆள் இல்லை.

சரி, ஓடிச்சா இல்லையான்னு எங்க பாக்கறது?

சர்வரின் பதிவுக் கோப்பில்: `/வார்/லாக்/சிஸ்லாக்`, ரெட்ஹேட்டில் `/வார்/லாக்/கிரான்`. புதிய சர்வர்களில் `ஜர்னல்சிடிஎல் -யூ கிரான்`. ஆனால் அங்கே தெரிவது "இத்தனை மணிக்குத் தொடக்கினேன்" என்ற வரி மட்டும். மணி அடித்தவரின் கையெழுத்து என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை என்ன சொன்னது என்று பார்க்க, வரியின் முடிவில் `>> /வார்/லாக்/என்வேலை 2>&1` சேருங்கள். `>>` வெளியீட்டைக் கோப்பின் அடியில் சேர்க்கும். `2>&1` பிழைச் செய்திகளும் அதே கோப்புக்குப் போகட்டும் என்பது. இந்த வரிசையை மாற்றி எழுதினால் பிழைகள் கோப்புக்கு வராது. கோப்பு இருக்கும் அடைவில் உங்களுக்கு எழுத உரிமை இருக்க வேண்டும் என்பதையும் கவனியுங்கள்.

இப்படித் திருப்பிவிடாவிட்டால் கிரான் வெளியீட்டை மெயிலில் அனுப்பப் பார்க்கும். யாருக்கு என்பதை மெயில்டு மாறியில் சொல்லலாம். ஆனால் புதுச் சர்வர்களில் மெயில் அனுப்பும் நிரலே இருக்காது, வெளியீட்டைத் தூக்கிப்போட்டேன் என்று சிஸ்லாக்கில் ஒரு வரி எழுதிவிட்டுச் சும்மா இருந்துவிடும். `> /டெவ்/நல் 2>&1` என்று எல்லாவற்றையும் குப்பையில் கொட்டும் வரிகளை வலையில் நிறையப் பார்ப்பீர்கள். அதை நகலெடுக்காதீர்கள்.

கோப்புப் பேர்ல தேதி வரட்டும்னு % போட்டு எழுதினேன், வரி பாதியிலயே வெட்டுப்பட்ட மாதிரி ஆயிடுது.

கிரான் பட்டியலில் % என்றால் வரி முறிவு. முதல் %க்குப் பின்னால் வருவதெல்லாம் கட்டளைக்கு உள்ளீடாகப் போய்விடும். ஒவ்வொரு %க்கு முன்னும் ஒரு \ போடுங்கள். இல்லையென்றால் எல்லாவற்றையும் ஒரு ஸ்கிரிப்டில் எழுதிவிட்டு, பட்டியலில் அதன் பாதையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நான் இரண்டாவது ஆள்.

2 மணிக்குச் சர்வர் அணைஞ்சு கிடந்தா, அப்புறம் எழுந்ததும் ஓட்டுமா?

ஓட்டாது. போன நிமிடம் போனதுதான். விட்டதைப் பிடிக்க அனக்ரான் என்று ஒன்று உண்டு, நாள் கணக்கில் ஓடும் வேலைகளுக்கு. எப்போதும் விழித்திருக்கும் சர்வருக்கு இது பெரிய பிரச்சினை இல்லை. கடை மூடும்போது பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் போகும் கணினியில்தான் பிரச்சினை. பிடுங்குபவர் யாரென்று கேட்டால் யாரும் ஒத்துக்கொள்வதும் இல்லை.

5 நிமிஷ வேலை, 5 நிமிஷத்துக்கு ஒரு தடவை ஓடுது. முன்னாடி போனது முடியலைன்னா?

கிரான் அடுத்ததைத் தொடக்கிவிடும். அப்புறம் இன்னொன்று. தரவுத்தளம் மெதுவாக இருக்கும் ஒரு நாளில் ஒரே வேலை முப்பது பிரதிகளாகி, அதனாலேயே இன்னும் மெதுவாகி, கடைசியில் நினைவகம் தீர்ந்து சர்வரே விழும்.

`எஃப்லாக் -என் /வார்/லாக்/என்வேலை.லாக்` என்று எழுதி, அதன் பின்னால் உங்கள் கட்டளையை வையுங்கள். எஃப்லாக்கிலும் கோப்புப் பெயரின் முடிவிலும் வரும் லாக் பதிவேடு இல்லை, பூட்டு. பூட்டு கிடைத்தால் ஓடும், ஏற்கெனவே ஒருவர் பூட்டியிருந்தால் திரும்பிவிடும். பூட்டுக் கோப்பு இருக்கும் அடைவிலும் எழுத உரிமை வேண்டும். சிலர் தாங்களே ஒரு கோப்பை உருவாக்கி, "கோப்பு இருந்தால் ஓடாதே" என்று எழுதுவார்கள். நடுவில் வேலை செத்தால் கோப்பு அப்படியே கிடந்து, பிறகு என்றைக்குமே ஓடாது. எஃப்லாக்கின் பூட்டு நிரல் செத்தால் தானே விடுபடும். தொங்கிப்போகும் வேலைக்கு `டைம்அவுட்` கட்டளையையும் சேர்த்து ஒரு வரம்பு வையுங்கள்.

முதல்ல பேக்கப், அப்புறம் சுருக்கறது, அப்புறம் இன்னொரு சர்வருக்கு அனுப்பறது. மூணையும் 2:00, 2:30, 3:00னு போட்டிருக்கேன். சரிதானே?

இன்று சரி. தரவு வளர்ந்து பேக்கப் 35 நிமிடம் எடுக்கும் நாளில், சுருக்கும் வேலை பாதி எழுதிய கோப்பை எடுத்துச் சுருக்கும். அனுப்பும் வேலை அந்தப் பாதியைப் பத்திரமாக அனுப்பி வைக்கும். எங்கேயும் பிழைச் செய்தி வராது. அதுதான் இதில் மோசம்.

நேரத்தை வைத்து வரிசையை ஊகிப்பதை விட்டுவிடுங்கள். மூன்றையும் ஒரே ஸ்கிரிப்டில் எழுதி, ஒன்றையடுத்து ஒன்று `&&` போட்டு இணையுங்கள். முன்னது வெற்றி என்று சொன்னால்தான் பின்னது தொடங்கும். யூனிக்ஸில் ஒவ்வொரு கட்டளையும் முடியும்போது ஓர் எண்ணைத் திருப்பித் தரும். 0 என்றால் வெற்றி, மற்றதெல்லாம் தோல்வி. கிரான் இந்த எண்ணைக் கண்டுகொள்ளாது, ஆனால் `&&` கண்டுகொள்ளும். பேக்கப்பைத் தற்காலிகப் பெயரில் எழுதி, முடிந்ததும் `எம்வி` போட்டுச் சரியான பெயருக்கு மாற்றுவதும் நல்லது. அப்போது சரியான பெயரில் கோப்பு இருக்கிறது என்றாலே முழுசாக இருக்கிறது என்று அர்த்தம்.

இதிலும் ஒரு பொறி உண்டு. முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் தரவுத்தள வெளியீட்டை `|` குழாய் வழியே நேராக ஜிஜிப் என்ற சுருக்கும் நிரலுக்குக் கொடுத்திருந்தேன். தரவுத்தளத்தின் கடவுச்சொல்லை யாரோ மாற்றினார்கள். வெளியீடு உடனே தோற்றது, ஆனால் ஜிஜிப் வந்த வெறுமையை ஒழுங்காகச் சுருக்கி "வெற்றி" என்றது. குழாயில் கடைசி ஆள் சொல்வதையே ஷெல் நம்பும். மூன்று வாரம் தினமும் தேதி போட்ட கோப்பு வந்துகொண்டிருந்தது, ஒவ்வொன்றும் சரியாக 20 பைட். வெறுமையைச் சுருக்கினால் ஜிஜிப் கொடுக்கும் அளவு அது. அந்த எண்ணை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். ஸ்கிரிப்டை பேஷில் எழுதி, தலையில் `செட் -ஓ பைப்ஃபெயில்` என்று போட்டிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

மாசத்தோட முதல் திங்கட்கிழமைக்கு 0 9 1-7 * 1 சரியா? வலையில அப்படித்தான் போட்டிருக்கு.

தவறு. நாள், கிழமை இரண்டிலும் கட்டுப்பாடு வைத்தால் கிரான் "இரண்டும் பொருந்தினால்" என்று எடுக்காது, "ஏதாவது ஒன்று பொருந்தினால்" என்று எடுக்கும். இந்த வரி 1 முதல் 7 தேதி வரை தினமும் ஓடும், போதாததற்கு எல்லாத் திங்களும் ஓடும். `0 9 1-7 * *` போட்டு, ஸ்கிரிப்டின் முதல் வரியில் இன்று திங்களா என்று பார்த்து, இல்லையென்றால் வெளியேறச் செய்யுங்கள்.

மாதத்தின் கடைசி நாளுக்கும் இதே வித்தைதான். 28-31 என்று போட்டு, "நாளைய தேதி 01தானா" என்று ஸ்கிரிப்டைக் கேட்கச் சொல்லுங்கள். சம்பளக் கணக்குப் பார்ப்பவர்கள் இதை என்னிடம் மாதாமாதம் கேட்கிறார்கள், சரியாக 30ஆம் தேதி மாலையில்.

பொது விடுமுறையில மட்டும் வாடிக்கையாளருக்கு மெசேஜ் போகாம நிறுத்த முடியுமா? சீனப் புத்தாண்டு அன்னிக்குக் காலையில பாக்கி கேட்டுப் போய், ஒருத்தர் திட்டிட்டார்.

திட்டாமல் என்ன செய்வார். கிரானுக்கு விடுமுறை தெரியாது, தெரிய வழியும் இல்லை. நமக்கு வருடத்துக்கு 11 பொது விடுமுறைகள். அதில் சீனப் புத்தாண்டு, தீபாவளி, நோன்புப் பெருநாள், ஹஜ்ஜுப் பெருநாள், விசாக தினம், புனித வெள்ளி எல்லாம் வருடா வருடம் தேதி மாறும். ஞாயிறில் விழுந்தால் திங்களும் விடுமுறை. ஐந்து கட்டத்தில் இதை எழுத முடியாது.

மனிதவள அமைச்சு அடுத்த வருடத் தேதிகளை முன்கூட்டியே அறிவித்துவிடும். அவற்றை வரிக்கு ஒன்றாக ஒரு கோப்பில் எழுதி வையுங்கள். ஸ்கிரிப்ட் இன்றைய தேதியை அந்தக் கோப்பில் `கிரெப்` போட்டுத் தேடட்டும்; இருந்தால் வேலை செய்யாமல் வெளியே போகட்டும். வருடத்துக்கு ஒருமுறை கோப்பைப் புதுப்பிக்க நினைவூட்டலை எங்கே வைப்பது என்றால், அதையும் கிரானில்தான்: `0 9 1 12 *`.

எல்லாத்தையும் ரூட்லயே போட்டுட்டா பிரச்சினை இல்லையே?

ரூட் எல்லா உரிமையும் உள்ள பயனர், அதனால் உரிமைப் பிரச்சினை இருக்காது, அதைவிடப் பெரியது வரும். ரூட் ஓட்டும் ஸ்கிரிப்டை வேறொரு பயனர் திருத்த முடிந்தால், அவரும் ரூட் ஆகிவிட்டார் என்று அர்த்தம். வேலைக்கென்று தனிப் பயனர் ஒருவரை உருவாக்கி, அவருடைய பட்டியலில் போடுங்கள்.

`/இடிசி/கிரான்.டி` அடைவில் கோப்பாக வைப்பவர்கள் இரண்டைக் கவனிக்க வேண்டும். அங்கே ஐந்து கட்டத்துக்கு அப்புறம் ஆறாவதாகப் பயனர் பெயர் வர வேண்டும். கோப்பின் பெயரில் புள்ளியும் இருக்கக் கூடாது. டெபியனில் `கிரான்.டெய்லி` அடைவுக்கும் இதே விதி: பெயரின் முடிவில் `.எஸ்ஹெச்` இருக்கும் ஸ்கிரிப்டைச் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும்.

பாஸ்வேர்டை வரியிலேயே எழுதிட்டேன். என் சர்வர்தானே, யார் பாக்கப் போறா?

சிஸ்லாக் பார்க்கும். மேலே சொன்ன "தொடக்கினேன்" வரி ஞாபகம் இருக்கிறதா? தொடக்கிய ஒவ்வொரு கட்டளையையும் கிரான் அதில் முழுசாக எழுதும். கடவுச்சொல்லும் அதோடு சேர்ந்து தினமும் பதிவாகும். ஓடும் நேரத்தில் `பிஎஸ்` தட்டுகிற மற்றவர்களும் பார்க்கலாம். தனிக் கோப்பில் வைத்து, `சிமாட் 600` போட்டு உங்களுக்கு மட்டும் படிக்க உரிமை வையுங்கள்.

அப்படியே உங்கள் பதிவுக் கோப்புகளையும் ஒரு பார்வை பாருங்கள். வாடிக்கையாளர் பெயர், கைபேசி எண் எல்லாம் அதில் கொட்டிக் கிடக்கும், அதுவும் யார் வேண்டுமானாலும் படிக்கக்கூடிய `/டெம்ப்`இல். 2012ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் சின்னக் கடைக்கும் பொருந்தும். சட்டமோ, ஆளை உறுதியாக அடையாளம் காண வேண்டிய கட்டாயமோ இல்லாத இடத்தில் அடையாள அட்டை எண்ணைச் சேகரிக்கவே கூடாது என்பது 2019 செப்டம்பர் 1 முதல் வழிகாட்டி. ஸ்கிரிப்டின் தலையில் `யூமாஸ்க் 077` போட்டால் அது உருவாக்கும் கோப்புகளை மற்றவர்கள் திறக்க முடியாது.

கிரான் பழசு, சிஸ்டம்டி டைமர்தான் இப்பன்னு என் பையன் சொல்றான். மாத்தணுமா?

பையன் சொல்வதில் பாதி சரி. டைமருக்கு ஒரு வரி போதாது. வேலைக்கு ஒன்று, நேரத்துக்கு ஒன்று என இரண்டு கோப்பு எழுத வேண்டும். பதிலுக்கு மேலே நாம் பட்ட பாடு பல தீரும். `பெர்சிஸ்டென்ட்` போட்டால் சர்வர் எழுந்ததும் விட்ட வேலையை ஓட்டும். முன்னது ஓடிக்கொண்டிருந்தால் இரண்டாவது பிரதி தொடங்காது. வெளியீடு ஜர்னலுக்கே போகும். நேரத்தோடு ஏசியா/சிங்கப்பூர் என்று மண்டலத்தையும் எழுதலாம். முதல் திங்கள் என்பதை "திங்கள், 1 முதல் 7க்குள்" என்று நேராகவே எழுதலாம், இங்கே இரண்டும் பொருந்தினால்தான் ஓடும். `சிஸ்டம்சிடிஎல் லிஸ்ட்-டைமர்ஸ்` தட்டினால் அடுத்தது எப்போது, கடைசியாக எப்போது என்று அட்டவணையாக வரும். இந்த ஒரு கட்டளைக்காகவே நான் புது வேலைகளை டைமரில் போடுகிறேன்.

ஓடிக்கொண்டிருக்கும் பழைய கிரான் வரிகளை மாற்ற மாட்டேன். ஒழுங்காக ஓடுவதை எதற்குத் தொட வேண்டும்?

எங்க மேலாளர் ஏர்ஃப்ளோ போடலாம்னு சொல்றார். வேணுமா?

எத்தனை வேலைகள், எத்தனை படிகள் என்று எண்ணுங்கள். ஏர்பிஎன்பி நிறுவனத்துக்குள் 2014இல் தொடங்கி, பிறகு அப்பாச்சி அறக்கட்டளைக்குப் போன கருவி அது. எந்தப் படி எதைச் சார்ந்தது என்று பைத்தானில் எழுதினால், தோற்ற படியைத் திரும்ப முயலும், நாலாவது படி விழுந்தால் முதல் மூன்றையும் மறுபடி ஓட்டாமல் அங்கிருந்தே தொடரும். `ஏர்ஃப்ளோ டேக்ஸ் ட்ரிகர்` போட்டுக் கட்டளை வரியிலிருந்தே கிளப்பலாம், `ஏர்ஃப்ளோ டாஸ்க்ஸ் கிளியர்` போட்டு ஒரு படியை மட்டும் திரும்ப ஓட்டலாம். மணி அடிப்பவர் இல்லை, தலைமையாசிரியர்.

ஆனால் தலைமையாசிரியருக்குச் சம்பளம் உண்டு. தனித் தரவுத்தளம், எப்போதும் ஓடும் திட்டமிடும் நிரல், நினைவகம், பதிப்பு மாறும்போதெல்லாம் பராமரிப்பு. அதன் இயல்பு நேரமும் யூடிசி, ஆகவே 8 மணி நேரக் கதை அங்கேயும் உண்டு. மூன்று படி பேக்கப்புக்கு இது வேண்டாம். மாதம் 10 வெள்ளிச் சர்வரில் ஏர்ஃப்ளோ போட்டால் சர்வர் ஏர்ஃப்ளோவை ஓட்டுவதற்கே சரியாக இருக்கும். ஐம்பது வேலைகள் ஒன்றையொன்று நம்பி நிற்கின்றன, நாலு பேர் அதைத் திருத்துகிறார்கள் என்றால் மேலாளர் சொல்வதைக் கேளுங்கள்.

எல்லாம் சரி அக்கா. தோத்தா மெயில் வரும். ஓடவே இல்லைன்னா யார் சொல்வா?

அதுதான் கடைசிச் சிக்கல். ஓடாத வேலை தான் ஓடவில்லை என்று சொல்லாது. சர்வரே செத்திருந்தால் அதன் மேல் வைத்த எந்த எச்சரிக்கையும் கூடவே செத்திருக்கும். அதனால் கவனிப்பவர் வேறு பெட்டியில் இருக்க வேண்டும். வேலை முழுசாக முடிந்ததும், அதாவது `&&`க்கு அப்புறம், எங்காவது ஓர் அடையாளம் விடச் செய்யுங்கள்: ஒரு கோப்பைத் தொடுவது, ஒரு முகவரியைத் தட்டுவது, எதுவானாலும் சரி. மற்றப் பெட்டி அந்த அடையாளத்தின் வயதைப் பார்க்கட்டும். 26 மணி நேரத்துக்கு மேல் பழசு என்றால் கத்தட்டும். கூடவே பேக்கப்பின் அளவையும் பார்க்கட்டும், 20 பைட் ஞாபகம் இருக்கிறதல்லவா.

என் வீட்டில் தொலைக்காட்சிக்குப் பின்னால் ராஸ்பெரி பை என்ற பழைய குட்டிக் கணினி ஒன்று இந்த வேலையைச் செய்கிறது. அதுவும் ஒருநாள் சாகலாமே என்று, எல்லாம் நலம் என்றாலும் தினமும் காலை 7:05க்கு டெலிகிராமில் ஒரு வரி அனுப்பச் சொல்லியிருக்கிறேன். நான் அங் மோ கியோவில் ரயில் ஏறுவதற்குள் அந்த வரி வரவில்லை என்றால், அலுவலகம் போய்ச் சேரும் முன்பே கைபேசியில் சர்வருக்குள் நுழைந்து பார்த்துவிடுவேன். போன மாதம் ஒருநாள் வரவில்லை. பதறிப்போய்ப் பார்த்தால் சர்வர் நன்றாகத்தான் இருந்தது. அம்மா தொலைக்காட்சியைத் துடைக்கும்போது பையின் வயரைப் பிடுங்கியிருக்கிறார்.